ஞாயிறு மாமாவின் முக்காலி

ஜனவரி 9

அக்காவுக்கு,

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். நீ எடுத்தால் இரண்டு பேரும் கத்துவோம், எடுக்காவிட்டால் நான் மட்டும் கத்துவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். நகராட்சி அப்பாவுக்குச் சிலை வைக்கிறது. ஆற்றங்கரையில், பழைய படகுத்துறைப் படிகளுக்கு மேலே. நான் வேலை பார்க்கிற நீர்மட்ட அறையிலிருந்து நூறு அடிகூட இருக்காது. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஆற்றின் அளவுக் கம்பத்தைப் பார்த்து எழுதப் போகும்போது இனி தினமும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். சின்ன வயதில் அவரைத் தினமும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, இப்போது கிடைத்திருக்கிறது.

தலை நரைத்தவர்கள்கூட அவரை இன்னும் ‘ஞாயிறு மாமா’ என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிவியில் அவர் வந்தால் தெருவில் ஈ காக்கா இருக்காது என்பார்களே, அந்தத் தலைமுறை. அவர்கள்தான் மனு மேல் மனு போட்டு இதைக் கொண்டுவந்தார்கள்.

பிள்ளைகள் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவம் உள்ளே இருக்கிறது. களிமண் மாதிரியின் படமும் வைத்திருக்கிறேன். உட்கார்ந்த கோலம். வலது கை பக்கத்திலிருக்கும் முக்காலியின் ஓரத்தில். நிகழ்ச்சி முடியும்போது அதை இரண்டு தட்டுத் தட்டி, “இடம் இருக்கு, வாங்க” என்பாரே, அது.

உன்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. அப்பா போன அன்றைக்கே வராதவள் சிலைக்கா வரப்போகிறாய். கையெழுத்துப் போதும்.

ஆறு இன்று இரண்டு மீட்டர் பதினைந்து.

தம்பி

—

ஜனவரி 27

தம்பிக்கு,

படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டு என்னிடமே வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘முக்காலி இல்லாமல் என்றால் மட்டும்.’

நீ சரி என்று எழுது, படிவத்தை அனுப்புகிறேன்.

உனக்கு அப்போது இரண்டு வயது, நினைவிருக்காது. முதல் ஞாயிறு அது. நேரடி ஒளிபரப்பு. எனக்கு ஆறு வயது. அந்த மஞ்சள் முக்காலியில் உட்கார்ந்து அவரிடம் ஏழு கேள்விகள் கேட்க வேண்டும். வானம் ஏன் நீலம், மீன் எப்போது தூங்கும், இப்படி. அம்மா மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். விளக்குகள் எரிந்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. “அப்பா, பயமா இருக்கு” என்றேன். அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, “இங்க நான் அப்பா இல்லம்மா, மாமா” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் இறங்கி அம்மாவிடம் ஓடிவிட்டேன். ஊரே பார்த்தது.

மறுவாரம் வேறு குழந்தையை உட்கார வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. காலி முக்காலியை அப்படியே பக்கத்தில் போட்டார். முடிவில் அதைத் தட்டி, இடம் இருக்கு என்றார். நாட்டிலுள்ள குழந்தைகள் எல்லாம் தங்களைக் கூப்பிடுகிறார் என்று பூரித்துப் போனார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், அது நான் ஓடிப்போன இடம் என்று. வாராவாரம், இருபத்திரண்டு வருஷம், என் தோல்வியைக் கழுவித் துடைத்து ஊர் முன்னால் வைத்தார். பள்ளிக்கூடத்தில் என் பெயரே முக்காலி ஆகிப்போனது. நீயும்தான் கூப்பிட்டாய்.

அதை வெண்கலத்தில் வேறு வார்க்க வேண்டுமா.

அக்கா

—

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நீ கேட்டது நடக்கும். சிற்பியிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் பட்டறையில் மண் பூசிய கையோடு நின்று கேட்டார். முகம் கொஞ்சம் வாடியது. முக்காலி இல்லாமல் எப்படி வரும் என்று செய்து பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஒன்று சொல்கிறேன், உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கும் அந்த முக்காலியைப் பிடிக்காது. உன்னைவிட எனக்குத்தான் அதிகம் பிடிக்காது என்றும் சொல்லலாம். ஆக நாம் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறோம். மழை கொட்டப் போகிறது.

உனக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் கசந்தது. நான் இங்கேயே இருந்தவன். அம்மா போன பிறகு அவருக்குச் சமைத்தது, துவைத்தது, கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் தூக்கி உட்கார வைத்தது எல்லாம் நான். நீ பத்தொன்பது வயதில் பெட்டியோடு போனவள். இதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. எழுதிய பிறகு படித்தால் சொல்லிக்காட்டுவது போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆறு இரண்டு மீட்டர் நாற்பது. மேலே எங்கோ மழை.

தம்பி

—

பிப்ரவரி 26

தம்பிக்கு,

சொல்லிக்காட்டு. உனக்கு உரிமை இருக்கிறது. நீ பார்த்துக்கொண்டாய், நான் பார்க்கவில்லை. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

ஆனால் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது நீ எழுதிய ஒரே கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘நெஞ்சில் சளி, பயப்பட ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு போன்தான். அதிகாலையில், “அப்பா போயிட்டார்” என்றாய். இனி வந்து யாரைப் பார்க்க என்று கேட்டு வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை நீ சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாயாம். கல் நெஞ்சுக்காரி என்று எனக்குப் பட்டம். போகட்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சனிக்கிழமைகளில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. மறுநாளுக்காகத் தொண்டையைக் காப்பாற்றுவார். தண்ணீர் வேண்டும் என்றால் சைகை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாய் ஓயாமல் கதை சொன்னவர், நமக்குக் கை ஜாடை காட்டியே வளர்த்தார். எனக்குக் கோபம் அந்த முக்காலி மேல் மட்டும் இல்லை. ஓடிப்போன பிள்ளையிடம் அன்று சாயங்காலமாவது “என்னம்மா ஆச்சு” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை.

இங்கே எக்ஸ்ரே அறையில் நானும் நாள் முழுக்க ஒரே வசனம்தான் பேசுகிறேன். “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க.” அவர் ரத்தம் எங்கே போகும்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. உனக்கு ஏன் அந்த முக்காலியைப் பிடிக்காது? நீ அதில் உட்காரவே இல்லையே.

அக்கா

—

மார்ச் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. கிழிப்பதற்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

நேற்று சிற்பி வரச் சொல்லியிருந்தார். முக்காலியை எடுத்துவிட்டு மாதிரியைத் தயார் செய்திருந்தார். துணியை விலக்கினார். அப்பா உட்கார்ந்திருக்கிறார். முகம் அப்படியே அவர்தான். வலது கை மட்டும் பக்கத்தில், கீழே, ஒன்றும் இல்லாத இடத்தில் நீண்டிருக்கிறது. பக்கத்திலிருந்த பிள்ளையைக் காணோம் என்று தடவித் தேடுகிற கை மாதிரி இருந்தது. “கையை மடியில வெச்சுடட்டுங்களா?” என்று சிற்பி கேட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கையை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். கட்டில் ஓரத்தில் இப்படித்தான் தொங்கும்.

நீ கேட்டதற்குப் பதில். நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன். ஏழு வயதில், ஒரு ஒத்திகையன்று, யாரும் பார்க்காதபோது. அப்பா வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினார். திட்டவில்லை. “இது அக்காவோட இடம்டா. அவளா ஒரு நாள் வந்து உட்காருவா. அதுவரைக்கும் யாரும் உட்காரக் கூடாது” என்றார். “அவகிட்ட சொல்லாதே. சொன்னா எனக்காக வருவா. அவளுக்கே வரணும்னு தோணணும்.”

நீ அப்போது ஐந்தாம் வகுப்போ ஆறோ. வாராவாரம் உன்னைத்தான் கூப்பிட்டார், அக்கா. ஊர்ப் பிள்ளைகளை இல்லை. உனக்கு அது குத்தும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. நீ வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறாய், புரிந்துகொள்வாய் என்று நினைத்துக்கொண்டார். அவருக்குப் பேசத் தெரிந்த ஒரே இடம் அதுதானே.

நான் சொல்லாமல் இருந்தது சின்ன வயதில் அவர் சொல்லுக்காக. வளர்ந்த பிறகு பொறாமையில். எனக்கென்று ஒரு ஸ்டூல்கூட அவர் போட்டு வைத்ததில்லை.

இது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாதம் அவரே சொன்னார். “அந்த முக்காலி விஷயத்த அக்காவுக்கு எழுதிடு. நான் வரச் சொன்னேன்னு எழுது.” சரி என்றேன். நான் எழுதவில்லை. மறுநாள், “எழுதினியா?” என்றார். எழுதிட்டேன்ப்பா என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், “பதில் வந்துச்சா?” “இன்னும் இல்லப்பா.” நாற்பது நாள். நான் தூக்கி உட்கார வைப்பேன், துடைத்துவிடுவேன், அவர் கண் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன். கடைசியில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நீ வர மறுத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டே போனார்.

பிறகு உன்னைக் கல் நெஞ்சுக்காரி என்று ஊரெல்லாம் சொன்னேன். எட்டு வருஷம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது.

முக்காலியை என்ன செய்வது என்று நீ சொல். நான் சொல்லத் தகுதி இல்லாதவன்.

ஆற்றின் அளவை இன்று குறிக்க மறந்துவிட்டேன். பத்தொன்பது வருஷ வேலையில் இதுதான் முதல் தடவை.

தம்பி

—

மே 2

படிவம் இத்துடன். நான் மேலே எழுதியிருந்த வரியை அடித்து, பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முக்காலி இருக்கட்டும்.

இது உன் கடிதத்துக்குப் பதில் இல்லை. பதில் எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. வந்தால் எழுதுவேன், வராவிட்டால் இல்லை. நீயும் எழுதிக் கேட்காதே.

—

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

கேட்காதே என்றாய். கேட்கவில்லை. நடந்ததை மட்டும் தெரிவிக்கிறேன், அதற்கு நீ தடை போடவில்லை.

போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திறந்தார்கள். படிகள் கொள்ளாத கூட்டம். நகராட்சித் தலைவர் பேசப் பேச, மைக் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டது. அதுவும் நல்லதுதான். துணியை இழுத்ததும் யாரும் கைதட்டவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு பெரியவர், என்னைவிட வயதானவர், “வந்துட்டேன் மாமா” என்றார். அவ்வளவுதான், கூட்டம் அழுதுவிட்டது. நானும்தான்.

முக்காலியில் உட்கார இப்போது தினமும் வரிசை நிற்கிறது. பிள்ளைகள் தாங்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு நிமிஷம். பெரியவர்களும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். அப்பாவின் விரல் முட்டிகளில் எல்லோரும் தொட்டுத் தொட்டு இப்போதே பளபளப்பு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதைத் தாண்டிப் போகிறேன். ஒரு தடவைகூட உட்காரவில்லை. காலை ஆறு மணிக்கு அங்கே யாரும் இருப்பதில்லை, உட்கார்ந்தால் கேட்பாரில்லை. இருந்தாலும் முடியவில்லை. அவர் சொன்ன ஆள் இன்னும் உட்காரவில்லை.

நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் அதில் உட்காரப் போவதில்லை. இது சபதம் எல்லாம் இல்லை. கால் அந்தப் பக்கம் திரும்ப மறுக்கிறது, அவ்வளவுதான்.

ஆறு மூன்று மீட்டர் ஐந்து. கடைசிப் படி முழுகிவிட்டது.

தம்பி

—

அக்டோபர் 6, பகல் இரண்டு மணி

தம்பிக்கு,

ஆறு இன்று இரண்டு மீட்டர் அறுபத்தைந்து. உன் கம்பத்தில் நானே பார்த்தேன். அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, அதை முதலில் சரி செய்.

உன் அறை பூட்டியிருக்கிறது. இதைப் படகுத்துறைப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போவேன்.

காலை ரயிலில் வந்தேன். பெட்டியைக்கூட எங்கும் வைக்கவில்லை, நேராக இங்கேதான். தூரத்தில் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. ஓடுவது எனக்குப் புதிதா. ஆனால் முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். வரிசையில் நிற்பவருக்குப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை, முன்னால் இருப்பவர் நகர்ந்தால் நகர வேண்டும். அப்படியே நகர்ந்து போய்விட்டேன்.

போன மாதம் ஒன்று நடந்தது, சொல்கிறேன். கையொடிந்த ஒரு சின்னப் பெண், எக்ஸ்ரே மேஜையைப் பார்த்துக் கதவோரம் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றாள். இழுக்க மனசில்லை. நான் மேஜையைத் தட்டி, “இங்க இடம் இருக்கு, வா” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. பத்து நிமிஷம் நின்றேன், அவள் வரவில்லை. பத்து நிமிஷமே எனக்குத் தாங்கவில்லை. அந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷம் எப்படித் தட்டினார். ஆனால் நான் பிறகு அவளிடம் போய்க் குனிந்து, “என்னம்மா பயம்?” என்று கேட்டேன். மெஷின் கடிக்குமா என்றாள். கடிக்காது என்றேன், வந்துவிட்டாள். அது ஒன்றைத்தான் அவர் செய்யவில்லை. அவரை நான் முழுசாக மன்னிக்கவில்லை, அதையும் தெரிந்துகொள்.

என் முறை வந்தது. உட்கார்ந்தேன். உச்சி வெயில், வெண்கலம் சுட்டது. அவர் கை மேல் என் கையை வைத்தேன், அதுவும் சுட்டது. எடுக்கவில்லை. நான் பேச நினைக்கவில்லை, வாயில் தானாக வந்தது. “அப்பா, வந்துட்டேன்” என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற சிறுமிக்கு ஆறு வயதுதான் இருக்கும். அவளுக்குப் பொறுக்கவில்லை. “ஆன்ட்டி, அது அப்பா இல்ல. மாமா” என்றாள்.

“உனக்கு மாமா. எனக்கு அப்பா” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “அப்ப நீங்க ரெண்டு நிமிஷம் உட்காருங்க” என்றாள். பின்னால் இருந்தவர்களிடம் திரும்பி, “அவங்களுக்கு ரெண்டு நிமிஷம்” என்று அறிவித்தாள். யாரும் மறுக்கவில்லை. இரண்டு நிமிஷம் இருந்தேன். அழுதேன். எழுந்து அவளுக்கு இடம் விட்டேன்.

இனி உன் கணக்கு. அந்த நாற்பது நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நீ எழுதியிருந்தால் நான் வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. உன் மேல் முழுக் கோபமும் பட முடியாமல் என்னைத் தடுப்பது அது ஒன்றுதான். மன்னித்தாயா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை அக்குளில் கை கொடுத்து இறக்கிவிட்டாரே, அதை இந்த ஆறேழு மாதமாக என்னால் மறக்க முடியவில்லை. என் இடத்தை எனக்கு வைத்தார் சரி, உன்னை ஏன் இறக்க வேண்டும். இரண்டு பேருக்கும் இடம் இருந்திருக்கும்.

அவர் சொன்ன ஆள் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. இனி உனக்கு எந்தச் சாக்கும் இல்லை.

நீ ஐந்து மணிக்கு அளவு பார்க்க வருவாய். நாலரைக்கே நான் போய் வரிசையில் நின்றுகொள்கிறேன். மாலையில் கூட்டம் அதிகமாம், அந்தச் சிறுமி சொன்னாள். அளவை எழுதிவிட்டு வா. எனக்கு முன்னால் வந்து நில். யாராவது கேட்டால், இவன் என் தம்பி, இவனுக்காகத்தான் நிற்கிறேன் என்று சொல்கிறேன்.

இடம் இருக்கு. வா.

அக்கா